வரிசை எண் இரண்டு

கொடியில் தொங்கிய நீலச் சட்டையின் காலரில் அழுக்கு ஏறியிருந்தது.

தையல்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன சட்டை அது. தனியாக இருக்கிறவள் வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் உண்டு என்று தெரு நம்பட்டும் என்பதற்காக, ஆறு வருஷமாக வாரம் இரண்டு தடவை அதைத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டு வருகிறாள். எந்தக் கழுத்தும் ஏறாத காலர். அதில் இன்றைக்கு வேர்வைக் கோடு. முகர்ந்தால் எண்ணெய்த் தலையின் வாடை.

வெயில் செய்த வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சோப்புப் போட்டுக் கசக்கினாள். மறுநாள் அக்குளில் தையல் விட்டிருந்தது. அது அவள் கையால் போட்ட இரட்டைத் தையல். உள்ளேயிருந்து ஒரு தோள் முட்டினாலொழிய விடாது.

அப்போதுதான் அவளுக்கு ஓவிய வாத்தியாரின் நினைவு வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க அவர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பள்ளியில் பையன்கள் அவருக்கு அடங்குவதில்லை. அந்தக் குறையை மாடிப்படியில் தீர்த்துக்கொண்டார். கழுத்தில் அட்டை, கையில் பலகை. "தாங்கள் தரும் தகவல்கள் முற்றிலும் ரகசியமாகக் காக்கப்படும்" என்று மூன்று மாடிக்கும் கேட்க முழங்கினார். அந்த ரகசியத்தைக் கேட்க எதிர்வீட்டுக்காரி வெங்காயமும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டாள். கீழ்வீட்டில் டிவியின் சத்தம் சட்டென்று தணிந்தது.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"கொஞ்சம் உள்ள வந்து கேளுங்க சார்."

"வாசல்ல நின்னுதாம்மா கேக்கணும். விதி அப்படி."

ஊருக்கு எத்தனை குழாய், எத்தனை பள்ளிக்கூடம் என்று தெரிய அரசாங்கம் தலையை எண்ணத்தான் வேண்டும். அதில் அவளுக்குச் சண்டையில்லை. ஆனால் அவள் ஒண்டியாகப் படுத்திருக்கிற சங்கதி எதிர்வீட்டு வெங்காயத்துக்கு எதற்கு? போன தடவை, வேறொரு தெருவில், இதே கேள்விக்கு இதே மாதிரி வாசலில் நின்று உண்மையைச் சொன்னாள். அந்த வாரமே யாரோ அவள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவள் வீடு மாற்றும்வரை தட்டினார்கள்.

"ரெண்டு பேர்," என்றாள். "நானும் எங்கண்ணனும்."

ஒரு பொய் சொன்னால் படிவம் முப்பது கேட்கும். குடும்பத் தலைவர் யார்? அண்ணன்தான். எங்கே அவர்? ராத்திரிக் காவல் வேலை, பகலெல்லாம் பின்னறையில் தூக்கம். கூப்பிடச் சொல்லிவிடப் போகிறாரே என்று, காது கேட்காது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். எழுதப் படிக்க? இல்லாத அண்ணன்தான் என்றாலும் கூடப்பிறந்தவனைத் தற்குறியாக்க மனம் வரவில்லை. நன்றாகத் தெரியும் என்றாள். வாத்தியார் அண்ணனை வரிசை எண் ஒன்றிலும் அவளை இரண்டிலும் ஏற்றினார். கதவில் சுண்ணக்கட்டியால் பெரிதாக 2 என்று போட்டார். படம் வரைகிற கை, எண் லட்சணமாக விழுந்தது.

சட்டைக்குப் பிறகு சத்தம் வந்தது. ராத்திரியில் பயமில்லை, அவன்தான் வேலைக்குப் போய்விடுகிறானே. பகலில்தான். தெருவெல்லாம் வெயிலும் ஹாரனுமாகக் கிடக்க, அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பழைய கட்டிலும் துணிமூட்டைகளும் மட்டுமே கிடக்கிற பின்னறையிலிருந்து இரும்பு ஒருமுறை முனகும். பிறகு, களைத்த ஆள் மூக்கடைப்போடு இழுத்து இழுத்து விடுகிற மூச்சு, அவள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் நிற்காமல், கதவுக்கு அடியால் கசிந்து அவள் பாதம்வரை வரும்.

மூன்றாம் நாள் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போய், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாள். குமாஸ்தா பொய்க்குக் கோபப்படவில்லை. திருத்தத்துக்குத்தான் முகம் சுளித்தார். ஆளை நீக்கத் தனிப் படிவம் உண்டாம், அதில் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

"அவர்தாங்க இல்லவே இல்லை."

"அதை அவரே எழுதிக் கொடுக்கட்டும்மா."

படிவத்தை மிஷின் மேல் வைத்து, காற்றில் பறக்காதிருக்கக் கத்தரிக்கோலைப் பாரம் வைத்தாள். காலையில் தானே கிறுக்கிக் கொடுத்துவிடலாம். பொய்யோடு பொய்யாகப் போகட்டும்.

விடிந்து, குளித்துவிட்டு வந்தாள். கத்தரிக்கோல் தரையில் கிடந்தது.

படிவம் நிரப்பப்பட்டிருந்தது. நல்ல கையெழுத்து. எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்த கை.

நீக்கப்பட வேண்டியவர்: வரிசை எண் 2. காரணம்: இங்கு வசிக்கவில்லை.

மை காயவில்லை.

கொடியைப் பார்த்தாள். சட்டை இல்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. போகக் கூடாது என்று தெரிந்தது. போனாள். கட்டில். தலையணையில் ஒரு குழி. தொட்டாள். சூடு.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

வாசலில் வாத்தியாரின் குரல், மூன்று மாடிக்கும். சரிபார்க்க வந்திருக்கிறாராம். பதிலாக ஓர் ஆண்குரல், காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த தொண்டையில்.

"நான் ஒருத்தன்தான்."

காகிதம் கைமாறியது. அவள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். கத்தினாள். அண்ணா என்றுகூடக் கத்திப் பார்த்தாள்.

"சார், உள்ள யாரோ தட்டுறாங்க." எதிர்வீட்டுக்காரி. வாழ்நாளில் முதல்முறையாக அந்த ஒட்டுக்கேட்கிற காதைக் கும்பிடத் தோன்றியது.

தாள் புரண்டது. வாத்தியார் நிதானமாகத் தேடினார்.

"படிவப்படி உள்ள யாரும் இல்லீங்களே."

உள்ளங்கை கதவில் எதையோ அழித்தது. சுண்ணக்கட்டி ஒரே ஒரு கோடு இழுத்தது. முன்கதவு சாத்தப்பட்டது. செருப்பு கழன்றது, ஒன்று, இரண்டு. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவன் படுக்க வருகிற நடை.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. இடுக்கில் முதலில் நுழைந்தது ஒரு நீலக் கை. அக்குளில் விட்டுப்போயிருந்த தையல் வழியாக உள்ளே இருள் தெரிந்தது.