பதினொரு மணி வெயில்

இருபதாவது படத்தில் ஒரு சிவப்பு இருந்தது.

கார்குழலி கட்டிலில் உட்கார்ந்தபடி படத்தைப் பெரிதாக்கினாள். சந்தின் குறுக்கே, எதிர்வீட்டு மாடிக் கம்பியிலிருந்து இந்த வீட்டு ஜன்னல்வரை கட்டிய கொடி. அதில் அம்மாவின் இரண்டு புடவைகள். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். எல்லாம் சாம்பல் நிறம். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்து மூன்று வாரம் ஆகப் போகிறது. ஆனால் கொடியின் எதிர்முனை முடிச்சில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் துணி தொங்கியது. அது மட்டும் சிவப்பு.

எழுந்து போய் ஜன்னலில் பார்த்தாள். முடிச்சு இருந்தது. துணி இல்லை.

காஜியார் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வண்டிச் சத்தமும் மீன்காரியின் குரலும் இல்லாமல் போன பிறகு, இத்தனை வருடம் இங்கே கேட்காத கடல் பகலிலும் கேட்டது. பிளீச்சிங் பவுடர் நெடி காலையில் சுவரோரம் ஏறி, மத்தியானத்தில் சோற்றுத் தட்டுவரை வந்து உட்கார்ந்து, ராத்திரி தலையணையிலும் இருந்தது. எதிர்மாடி பூட்டியிருந்தது. அதன் ஜன்னல் மரக் கதவுகள் இரண்டு நாளாக மூடியிருந்தன. அங்கே இருந்த ஜஹபர் நிஷாவின் உடலை முந்தாநாள் மத்தியானம் நீல உறையில் சுற்றி இறக்கிக் கொண்டுபோனார்கள்.

கேமராவில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியில் அவள் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருடம். ஆன்லைன் வகுப்பில் ஜானகிராமன் சார் கொடுத்த வேலை அது. முப்பது நாள், நாளுக்கு ஒரு படம், ஒரே நேரம், கறுப்பு வெள்ளை, வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. குழலி பதினொரு மணியை எடுத்துக்கொண்டாள். சந்து குறுகல். காலையெல்லாம் கூரை ஓட்டிலேயே நிற்கும் வெயில் பதினொரு மணிக்குத்தான் உள்ளே இறங்கும். ஒரு கால் மணி நேரம் எல்லாவற்றுக்கும் நிழல் இருக்கும். பிறகு போய்விடும்.

பதினெட்டாவது படத்தை சார் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். நிஷாம்மாவின் பிளாஸ்டிக் கூடை நடுவானில் தொங்கும் படம். அதன் கயிற்றில் கட்டியிருந்த ஒரு துண்டுத் துணி காற்றில் நீண்டிருந்தது.

"அந்தத் துணிதான்மா படமே" என்றார் சார்.

நிஷாம்மா தையல்காரர். தனி ஆள். வெட்டி மிஞ்சிய ஜாக்கெட் துணிகளை முறுக்கிக் கயிறு பண்ணி, அதில் கூடையைக் கட்டி இறக்குவார். தினமும் துர்கா அக்கா அதில் பாலும் காயும் வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சந்துக்கு அரசு போட்ட தன்னார்வலர் அவள்தான். காய்ச்சல் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு, நிஷாம்மா ஜன்னலிலிருந்து குழலியைக் கூப்பிட்டார்.

"பாப்பா, போன் பேசுனா மூச்சு வாங்குது. முடியலன்னா கயித்துல செவப்புத் துணி கட்டறேன். நீ பாத்தவொடன துர்காவுக்கு அடிச்சிடு."

"சரிம்மா."

"போட்டோ புடிச்சிக்கினே நின்னுடாத."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

நிஷாம்மா இறந்த அன்று பதினொன்றே காலுக்குத் துணியைப் பார்த்ததாகவும் உடனே போன் செய்ததாகவும் குழலி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். போன் கறுப்பு வெள்ளையில் இருந்ததால் சிவப்பு என்று முதலில் தெரியவில்லை என்றும் சொன்னாள். நம்பினார்கள். ஆம்புலன்ஸ்காரர் மட்டும் கீழே நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாம்."

இருபத்தோராவது படத்தில் துணி கொடியின் நடுவில் இருந்தது.

இருபத்திரண்டாவது படத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. அவள் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். கம்பி சுட்டது. அவ்வளவுதான். அம்மாவிடம் போனை நீட்டினாள்.

"இதுல செவப்பா எதுனா தெரியுதா?"

சந்திரகலா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். நேரு வீதி ஜவுளிக்கடையில் பதினைந்து வருடம் புடவை எடுத்துக் காட்டிய கண்.

"எல்லாம் ஒரே சாம்பலாத்தான் இருக்கு. கலர்ல எடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

அப்போதுதான் அம்மா இருமினாள். ஒரு தடவை. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல.

அன்றிரவு குழலி பதினெட்டாவது படத்தைத் திறந்தாள். சாருக்கு அனுப்பியதை விட்டுவிட்டு, திருத்தாத படத்தை. கூடைக்குப் பின்னால் நிஷாம்மாவின் ஜன்னல். இருட்டான இடம். சாருக்கு அனுப்பும் முன் அந்த இருட்டை அவள்தான் இன்னும் கறுப்பாக்கினாள். திருத்தாத படத்தில் அது அவ்வளவு கறுப்பாக இல்லை. உள்ளே ஒரு முகம் இருந்தது. மோவாய் விளிம்பில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன.

பதினொரு மணிக்கு நிஷாம்மா உயிரோடு இருந்தார். படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவள் துணியைப் பார்த்தது காலை ஏழு மணிக்கு. பல் துலக்க ஜன்னலுக்கு வந்தபோது. போன் கையில் இல்லை. வெறும் கண்ணில் அது நல்ல சிவப்பாக இருந்தது. துணியைப் பார்த்தாள். எதிர் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். வெயில் ஓட்டில் இருந்தது. சொன்னால் ஆட்கள் வருவார்கள், கயிற்றை அறுப்பார்கள், மருந்து அடிப்பார்கள், கூடை போய்விடும். ஒரு படம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நிஷாம்மாவுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் அதிகம். ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கையில் தாங்கிக் காத்திருந்தாள். நடுவில் ஒருமுறை உள்ளே போய்க் காபி குடித்தாள்.

நான்கு மணி நேரம்.

மறுநாள் காலையில் துர்கா கீழே நின்று கூப்பிட்டாள்.

"குழலி, அம்மாக்கு எப்டி இருக்கு?"

"இருமல்தான்க்கா. காய்ச்சல் லேசா."

"படில ஆக்சிஜன் பாக்குற மெஷின் வெச்சிருக்கேன். வெரல்ல மாட்டிப் பாரு. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா எனக்கு அடி."

"அக்கா."

"என்னா?"

குழலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே துர்காவின் முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. தூக்கமில்லாத கண்கள்.

"அன்னிக்கி... நிஷாம்மாவுக்கு..."

"அதையே நெனச்சிக்கினு இருக்காத. நீ பண்ண வேண்டியதப் பண்ணிட்ட."

துர்கா போய்விட்டாள்.

இருபத்து மூன்றாவது படத்தில் துணி வீட்டுக்குள் இருந்தது. அறைக்கதவின் தாழ்ப்பாளில். அம்மா படுத்திருந்த அறை.

இருபத்து நான்காவதை எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் எடுக்காவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதினொரு மணிக்கு, தூங்கும் அம்மாவை எடுத்தாள். சாம்பல் நிறப் போர்வை. சாம்பல் நிறக் கை. மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்ட சிவப்பு.

அம்மாவின் விரலில் மெஷினை மாட்டினாள். எண்பத்தெட்டு.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. துர்காவுக்கு அடித்தாள். நூற்றெட்டுக்கு அடித்தாள். மறுபடியும் துர்காவுக்கு அடித்தாள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். படியில் அம்மாவை உட்காரவைத்து இறக்கும்போது, அம்மா முகமூடிக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்.

"எதிர்வூட்டம்மாவுக்குப் பாத்தவொடன போன் போட்ட பாரு. அதே மாதிரி எனக்கும் போட்டுட்ட. அவங்களுக்குத்தான் ஆயுசு இல்ல."

தன் பட்டன் போனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா வண்டியில் ஏறினாள். சாயந்திரம் அதிலிருந்து பேசினாள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். பரவாயில்லையாம். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். குழலி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

அன்றைக்கே படிக்கதவில் தகரம் அடித்தார்கள். ஆணி இறங்கும் சத்தத்தை மேலே நின்று எண்ணினாள். எட்டு. கீழ்வீடு வெறும் கிடங்கு. பக்கத்து வீட்டார் தவளக்குப்பம் போய் ஒரு மாதமாகிறது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. அம்மாவின் காலிக் கட்டிலை எடுத்தாள். படத்தில் சிவப்பு இல்லை. சமையலறை. இல்லை. ஜன்னல், கொடி, தாழ்ப்பாள். இல்லை. மூச்சு விட்டாள். முடிந்துவிட்டது. அம்மாவைக் காப்பாற்றியதில் அந்தக் கடன் கழிந்துவிட்டது என்று நினைத்தாள்.

கட்டைவிரல் எதையோ தொட்டது. கேமரா இந்தப் பக்கம் திரும்பியது.

திரையில் அவள் முகம். சாம்பல். கழுத்தில் அது இருந்தது. முடிச்சு காதுக்குக் கீழே. மறுமுனை தோளைத் தாண்டிப் பின்னால் போனது. ஜன்னலை நோக்கி. தொய்வில்லாமல்.

கழுத்தைத் தடவினாள். வெறும் கழுத்து.

திரையில் அந்தத் துணி இன்னும் கொஞ்சம் இறுகியது.

சமையலறைக்கு ஓடிப் போனைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டாள். அது அடியில் போய்ச் சாய்ந்து, ஒளிர்ந்துகொண்டே கிடந்தது. தண்ணீர் முழுவதும் சிவப்பாக இருந்தது. பிறகு அணைந்தது.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது.

திங்கட்கிழமை கீழே வேறு குரல் கேட்டது. ஓர் ஆள் முகமூடியை இறக்கிவிட்டு மேலே பார்த்தான்.

"துர்காக்காவுக்கும் பாசிட்டிவ். நான் புருஷோத்தமன். இனிமே நான்தான் வருவேன். ஒனக்குக் காய்ச்சல் எதுனா இருக்கா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. உதவி கேட்கும் பாத்தியதை தனக்கு இல்லை என்று தோன்றியது.

"நாளைக்கி செவ்வாக்கெழம. முழு அடைப்பு. வரமாட்டேன். அவசரம்னா போன் பண்ணு."

"போன் தண்ணில விழுந்துடுச்சி."

"நல்லா வெச்சிக்கினு இருந்த போ. சரி, ஜன்னல்ல செவப்புத் துணி கட்டு. இந்தச் சந்துல அதான் ஏற்பாடாமே, துர்காக்கா சொல்லுச்சி. எதிர்மாடி அம்மா பாத்து எனக்கு அடிச்சிடுவாங்க."



"எதிர்மாடில யாரும் இல்லண்ணா."

"ஏன் இல்ல? இப்பதான் ஜன்னல்ல நின்னுக்கினு இருந்தாங்க. ஒன்னப் பத்திச் சொல்லியும் வெச்சிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பேசல. தலைய ஆட்டுனாங்க."

அவள் எதிரே பார்த்தாள். மரக் கதவுகள் மூடியிருந்தன. திரும்பிக் கீழே பார்த்தபோது அவன் முனைத் தகரத்தைத் தாண்டியிருந்தான். கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. மெஷினை மாட்டினாள். எண்பத்து மூன்று. கத்திப் பார்த்தாள். சத்தம் பல்லைத் தாண்டவில்லை. கடல் மட்டும் கேட்டது.

அலமாரியில் சிவப்பாக ஒன்றுதான் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நிஷாம்மா தைத்துக் கொடுத்த ஜாக்கெட். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் இரண்டு விரல் துணி விட்டுத் தைத்திருந்தார். அந்த ஓரம் கிழிந்து வந்தது. ஒரு சாண் நீளம்.

ஜன்னல் கம்பியில் கட்டினாள். முடிச்சுப் போட நான்கு தடவை ஆயிற்று. கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள். மோவாய் விளிம்பில் பட்டது. வாயை மூட முடியவில்லை.

எதிரே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

மரக் கதவுகள் திறந்தன.

நிஷாம்மா முழங்கைகளை விளிம்பில் ஊன்றியிருந்தார். நீல உறை தோளில் இருந்து மடிந்து தொங்கியது. அவர் துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் தூக்கி, வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

மணி ஏழு. வெயில் ஓட்டில் இருந்தது.

நிஷாம்மா முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.