இறைக்காத கிணறு

குழாயைத் திறந்ததும் குசினி அடுப்படிச் சுவரோரம் ஒரு முனகல் எழும். தண்ணீர் வடிகட்டியின் சின்னப் பம்ப் ஓடத் தொடங்கும் சத்தம் அது. ஜொஹறாவின் காது இரண்டு வருடமாக அதற்குப் பழகியிருந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்குத் திறந்தபோது முனகல் எழவில்லை. நூலாக வந்த தண்ணீர் அறுந்து நின்றது.

அறையில் கணவர் மீராசாகிபு இருமினார். அவருடைய சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. வடிகட்டிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். போத்தலில் ஒரு மிடறுகூட மிச்சமில்லை. நாலு மணிக்கு மருந்து. கடை மூன்று மைல். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது.

வவுனியாவில் வடிகட்டி பொருத்தும் தம்பி நுஸ்கிக்கு மூன்றாம் தரமும் போன் எடுத்தாள்.

"ராத்தா, பிளக்கைப் போட்டிருக்கிறீங்களோ?"

"நான் என்ன பாலர் வகுப்போடா? பச்சை லைட் எரியுது. தண்ணி வாற பைப்பைக் கழட்டியும் பாத்திட்டன். மூஞ்சியில அடிக்குது."

"பம்புக்கு முன்னால ரெண்டு வயரோட ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். தண்ணி வரேல்லையெண்டா அது பம்பை ஓட விடாது."

"தண்ணி வருதெண்டுதானே சொல்லுறன்."

"அது வரேல்லையெண்டு சொல்லுது."

"நீ எனக்குத் தம்பியோ, அதுக்குத் தம்பியோ?"

நுஸ்கி சிரித்தான். "சுவிட்ச் பழுது போல. நாளைக்கு வந்து மாத்தி விடுறன்."

"உன்ர மச்சான் இண்டைக்குக் குடிக்க வேணும்."

"அப்ப பிளக்கைக் கழட்டிப்போட்டு, அந்த ரெண்டு வயரையும் வெட்டி ஒண்டாச் சேத்து முறுக்கி மேல வயர் ரேப் சுத்துங்கோ. நேர ஓடும்."

அவள் முழங்காலில் நின்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஈரச் சீமெந்தும் கரப்பான் எச்சமும் மணத்தன. பின்னேர வெயில் சுவர் ஓட்டைகளால் வந்து முதுகில் சுட்டது. கத்தியால் வயரை வெட்டி, பல்லால் உறையைச் சீவி, நுனிகளை முறுக்கினாள். விரலில் செம்புக் கம்பி ஏறியது. மெதுவாக ஏசினாள். கழற்றிய பைப்பில் சொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தாள். கண்ணாடி போல இருந்தது.

புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிய நாளிலும் இப்படித்தான் இருந்தது. வீட்டு வளவு காடாகிக் கிடந்தது. இடையில் யார் யாரோ அங்கே ஒதுங்கி, பிறகு ஓடிப்போயிருந்தார்கள். கிணறு மட்டும் விளிம்பு முட்ட நின்றது. அந்தத் தெருவில் திரும்பி வந்தவர்கள் எல்லோரும், உள்ளே என்ன விழுந்து கிடக்கிறதோ என்று, கிணற்றை மூன்று தரம் இறைத்து ஊற்றிய பிறகுதான் குடித்தார்கள். நாங்களும் இறைப்பம் என்று அவள் சொன்னாள். மீராசாகிபு ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"நிறம் மாறேல்ல. மணம் மாறேல்ல. ருசி மாறேல்ல. இவ்வளவு தண்ணி ஊத்தையாகாது, ஜொஹறா."

இறைக்கும் இயந்திரம் கிடைக்க இரண்டு நாள் ஆகும். அவருக்குத் தாகமாக இருந்தது. முதலில் குடித்தவர் அவர்தான். பிறகும் இறைக்கவில்லை. அதன்பிறகு இரண்டு வறட்சி வந்தது. அயல் கிணறுகள் வற்றின. அவர்கள் குழாயில் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை.

பைப்பைத் திரும்பக் கொழுவிப் பிளக்கைப் போட்டாள். முனகல் எழுந்தது.

பழைய முனகல் இல்லை. குடித்து முடித்த இளநீரின் அடியைக் குழல் வைத்து உறிஞ்சுவது போல வறண்ட சத்தம். ஆனாலும் குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. ஒரு கிளாஸ் நிரப்பி மேசையில் வைத்தாள். குழாயைப் பூட்டினாள். சத்தம் நின்றது.

"தண்ணி வந்திட்டுதா?" என்றார் அறையிலிருந்து.

"கொஞ்சம் பொறுங்கோ. இந்தச் சனியன் காத்து இழுக்குது போல. தாங்கியைப் பாத்திட்டு வாறன்."

கூரைமேல் தண்ணீர்த் தாங்கி நிரம்பி நின்றது. காலையில்தான் கிணற்று மோட்டரைப் போட்டிருந்தாள். திரும்பப் போனவள் கிணற்றடியில் நின்றாள். தூசி விழாமல் மூடிய தகரத்தை அவள் விலக்கிப் பார்த்துப் பல மாதமாகிவிட்டது.

விலக்கினாள்.

தண்ணீர் இல்லை.

அடியில் வெடித்த களிமண். மோட்டர்க் குழாயின் நுனி வெறும் வெளியில் தொங்கியது. அதன் வாயில் சிலந்தி வலை. தூசி படிந்த பழைய வலை. அறுபடாமல்.

களியில் பாத்திரங்கள் நின்றன. எண்ணெய்க் கான். பால்மாத் தகரப் பேணி. கைபிடி போன வாளி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் போத்தல். எறிந்தவை என்றால் சரிந்து கிடக்கும். இவை நிமிர்ந்து நின்றன. ஒன்றன்பின் ஒன்று. தண்ணீருக்கு வரிசை வைத்தது போல.

வரிசையின் முன்பக்கம் வெறுமை. அங்கே வட்டத் தடங்கள் மட்டும். இப்போதுதான் தூக்கியது போல, ஈரமாக.

குசினியில் பம்ப் ஓடியது.

குழாயைப் பூட்டினேனே.

ஓடினாள். மேசையில் கிளாஸ் இல்லை. சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை வெளிச்சம் அணைந்தது.

முனகல் நிற்கவில்லை.

திரும்பினாள். குழாய்க்குக் கீழே ஒரு அலுமினியக் குடம். அடியில் களி. அவர்களுடையது இல்லை. அதன் பின்னால் ஒரு கான். அதன் பின்னால் ஒரு பேணி. இன்னும் பல. குசினி நிலத்தில், அறை வாசல் வரை.

வரிசையின் கடைசியில் மீராசாகிபு குந்தியிருந்தார். முன்னால் அவள் நிரப்பி வைத்த கிளாஸ். வெறுமையாக. அவருடைய உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"குடிச்சிட்டீங்களோ?"

"இல்ல. முன்னுக்கு நிண்டவைக்குக் குடுத்திட்டன்." குரல் காய்ந்திருந்தது. "எனக்கு முதல் வந்தவை நிக்கினம், ஜொஹறா. கனகாலமா நிக்கினம்."

தண்ணீர் குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. நிரம்பும் சத்தம் இல்லை.

அவர் கிளாஸை ஒரு சாண் முன்னுக்கு நகர்த்தினார்.

அதன் பின்னால் அவளுடைய தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. பிடியில் ஈரக் களி.