தொட்டியில் ஊறும் விரிப்பு

காலையில் அடைப்பைப் பிடுங்கி, அவள் கையாலேயே வடித்துவிட்ட துவைக்கும் தொட்டி, மதியம் பின்பக்கக் கதவைத் திறந்தபோது விளிம்பு வரை நிறைந்திருந்தது. நுரைக்கு அடியில் வெள்ளையாக ஒரு விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது.

மூன்று நாளாக இதே கூத்துதான். பகலில் வீட்டில் இருப்பது அவளும், துக்கத்துக்கு வந்து தங்கிவிட்ட நாத்தனாரும். நாத்தனார் தின்ற தட்டைக்கூடக் கழுவாத மகராசி. அவள் துணி ஊறப்போடுவாளா என்ன?

மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருஷமும் இந்தச் சிமெண்டுத் தொட்டியோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். மெஷின் சும்மாதான் நின்றது. அம்மா துணியைப் போட்டால் தன் சட்டையும் நாறும் என்று கணவன் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளைக்கே குமட்டியதை வந்தவள் கசக்கினாள். திங்கட்கிழமை அவள் வேலையில் சேருகிறாள். இனிமேல்தான் அவள் மூச்சுவிட வேண்டும்.

"அண்ணி, அம்மா போறப்ப நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?" உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டாள். "ஏதாவது சொன்னாங்களா?"

"தூக்கத்துலயே போயிட்டாங்க."

வாய் கூசாமல் சொன்னாள். உண்மை வேறு. அன்று வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும்போது அறையிலிருந்து குரல் வந்தது.

"நனைஞ்சு கெடக்கேன்டி. மாத்திட்டுப் போ."

"வந்து மாத்துறேன் அத்தை."

பூட்டிக்கொண்டு போனவள் திரும்ப மூன்று மணி நேரமானது. அத்தை ஈரத்திலேயே விறைத்திருந்தாள். மருமகள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. முதலில் விரிப்பை உருவி, இந்தத் தொட்டியில் அலசிக் காயப்போட்டாள். பிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள்.

இப்போது அந்த மூத்திர வாடை நுரையைத் தாண்டி எழுந்தது. நாத்தனார் கண்ணில் படுவதற்குள் பிழிந்து ஒளித்துவிட வேண்டும். கையை விட்டாள். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது.

ஒரு முனையை இழுத்துப் பிடித்தாள். நனைந்த விரிப்பைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கொரு பக்கமாக முறுக்க. இத்தனை வருஷத்தில் மறுமுனையைப் பிடிக்க ஒரு நாதி இருந்ததில்லை. குழாயில் கட்டிவிட்டுத்தான் முறுக்குவாள். இன்று அவசரத்தில் கட்டவில்லை.

முறுக்கினாள்.

தொட்டிக்குள் மறுமுனை எதிர்ப்பக்கமாக முறுகியது.

விட்டுவிடப் பார்த்தாள். விரல் வரவில்லை. துணி மணிக்கட்டைச் சுற்றியது. இறுகியது. குரல் எழவில்லை.

"அண்ணி? அங்க யார்கூடப் பேசிட்டிருக்கீங்க?"

அவள் பேசவே இல்லை.

நுரை விலகியது. இரண்டு கைகள். ஊறி வெளுத்த கைகள். ஆறு வருஷம் தன் முகத்து ஈயைக்கூட விரட்ட முடியாமல் கிடந்த கைகள். அவசரமே இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தன.

விரிப்பில் தண்ணீர் வற்றிவிட்டது. முறுக்கு நிற்கவில்லை. துணி முழங்கை வரை ஏறியது. மறுபடியும் சொட்டத் தொடங்கியது, இந்த முறை சிவப்பாக.