மூலையைப் பிடித்த முழம்

திருத்தணி மலையடிவாரத்தில் பூ விற்கும் எல்லம்மாளின் முழத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை விறைப்பாக இழுத்துப் பிடிப்பார். ஒரு பூ கூடாது, ஒரு பூ குறையாது.

அப்படிப்பட்டவர் அன்று காலை தையல்காரர் கரீமுல்லாவின் கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நேத்து நாலு முழம் குடுத்தேன் பாயி! இன்னைக்கு மூணுதான் இருக்குதுன்றியே, மீதி ஒரு முழத்த யாரு துன்னாங்க?"

"குடுத்தது குடுத்தபடியே கிடக்குதும்மா. நான் இன்னும் கத்திரியே வைக்கல," என்றார் கரீமுல்லா. டேப்பை வைத்து மறுபடியும் அளந்து காட்டினார். மூன்று முழம்தான் வந்தது.

அது யுத்த காலம். துணி கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி எல்லம்மாள் வாங்கி வந்த துணி அது. ஆடிக் கிருத்திகைக்கு மகள் மணியம்மைக்குப் பாவாடையும் சட்டையும் தைக்க வேண்டும். ஏழு வயது மணியம்மை அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

"இங்க குடு!" எல்லம்மாள் துணியைப் பிடுங்கினார். எல்லாரும் பார்க்க, தன் கையாலேயே அளந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு! பார்த்துக்கோங்க! அந்த டேப்பே பொய்!"

கூட்டம் முணுமுணுத்தது. எல்லம்மாள் கை பொய் சொல்லுமா? சட்டை தைக்க வந்திருந்த ரயில்வே ஜெகநாதன், கொடுத்த துணியை மெல்லத் திரும்ப எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

உள்ளே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஆலம் பீ நிமிர்ந்து பார்த்தாள். அவள் கரீமுல்லாவின் மகள். பத்து வயது. அத்தா ஒரு நூலைக்கூடத் திருடமாட்டார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் எல்லம்மாளும் எல்லார் கண்ணெதிரேதானே அளந்தார்? இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றால் கோளாறு எங்கே?

அவள் எல்லம்மாளின் கையை உற்றுப் பார்த்தாள். விரல்கள் துணியின் ஒரு மூலை நுனியைப் பிடித்திருந்தன.

ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, டேப்பு வேணாம். உங்க கையாலயே இன்னொரு தபா அளக்குறீங்களா? ஆனா மூலையப் பிடிக்காம, கரையோரமா."

"எப்படி அளந்தா இன்னாடி? முழம் முழம்தான்!"

"ஆங், அதான் நானும் சொல்றேன். சும்மா அளந்துதான் பாருங்களேன்."

எல்லம்மாள் கரையைப் பிடித்து அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. துணி தீர்ந்துவிட்டது.

அவர் முகம் மாறியது. மறுபடியும் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்தார். நாலு! திரும்பக் கரையோரம். மூன்று! அதே துணி, அதே கை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஆலம் பீ சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து கைக்குட்டை அளவு வெட்டுத்துணி ஒன்றை எடுத்து மணியம்மையிடம் கொடுத்தாள்.

"ஓரத்தப் பிடிச்சு இழு. நீளுதா?"

"இல்ல."

"இப்ப மூலைக்கு மூலை இழு."

மணியம்மை இழுத்தாள். துணி நடுவில் ஒடுங்கிக்கொண்டு நீண்டது. "ஐ! ரப்பர் மாதிரி வருது!"

"நூலு ஓடுற பக்கமா இழுத்தா துணி அசையாது. கோணலா இழுத்தா நெளிஞ்சு குடுக்கும். மூலைக்கு மூலைன்னா தூரமும் ஜாஸ்தி," என்றாள் ஆலம் பீ. பிறகு எல்லம்மாளைப் பார்த்து, "உங்க கை மேல தப்பில்லக்கா. பூச்சரத்துக்கு ஏது மூலை? அத எப்படிப் பிடிச்சாலும் ஒரே அளவுதான். துணிக்குத்தான் இந்தப் புத்தி," என்றாள்.

சிரித்தவர்கள் "அட, ஆமாம்ல!" என்று அவரவர் மேல்துண்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லம்மாளைக் கேலி செய்ய யாருக்கும் நேரமில்லை.

"அப்போ என் சட்டை?" என்றாள் மணியம்மை சன்னக் குரலில்.

கரீமுல்லா துணியை விரித்து யோசித்தார். "பாவாடையில கொசுவத்தக் கொஞ்சம் குறைச்சிட்டா குட்டைக் கை சட்டை ஒண்ணு வரும். வா, அளவெடுக்கலாம்."

மணியம்மை ஒரே தாவலில் உள்ளே ஓடினாள்.

எல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நாலு பேரு எதிர்ல கத்திட்டேன் பாயி. மனசுல வச்சிக்காதே."

"போகட்டும் விடும்மா," என்றார் கரீமுல்லா. ஆனால் அவர் பார்வை தெருக்கோடிக்குப் போயிற்று. துணியோடு ஜெகநாதன் பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

எல்லம்மாள் பார்த்துவிட்டார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினார். "சார்! ஓ சார்! இன்னா, நான் கத்துனத மட்டும் கேட்டுக்கினு கிளம்பிட்டீங்க?" என்று ஜெகநாதனின் அக்குளிலிருந்து துணியை உருவினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அதைத் தையல் மிஷின் மேல் வைத்தார்.

"சாருக்கு நல்லா தைச்சுக் குடு பாயி," என்றார் எல்லம்மாள். "கரையோரமா அளந்துக்கோ. மூலையப் பிடிச்சா ஏமாந்துடுவே!"