பந்திக்குக் கீழே

"இன்னொண்ணா? இப்பதானே ரெண்டு முடிச்சாரு!"

"சம்பந்தி வீட்டுக்காரங்க கையப் பிடிச்சு இலையில வச்சுட்டாங்களாம். எந்திரிக்கா, ஜாங்கிரி வாய்க்குள்ள போயாச்சு." ஜெபராணி அவசரப்படுத்தினாள்.

தமயந்தி தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தாள். காதுக்குள் மணி அடித்தது. அறுபது நொடி. மண்டபத்தின் நிலவறையில் இதற்கென்றே கட்டிய இருபத்துநாலு படிகள். மூச்சு முட்ட ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பக்கத்து வரிசையில் ஜெபராணி தன் ஆளின் பால்பாயசத்துக்காக ஏறிக்கொண்டிருந்தாள். மேலே பந்தி நடந்தது. கீழே நாற்பது பேர் அதைச் செரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்ட கையோடு ஒரு நிமிடம் உடம்பை வருத்தினால், தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது பழைய சங்கதி. அந்த ஒரு நிமிடத்தையும் இன்னொருவர் தலையில் கட்டலாம் என்பதுதான் புதுக் கண்டுபிடிப்பு. தசைப்பாலம் என்று பெயர். தொடைத் தோலுக்கு அடியில் நாணய அகலத்தில் ஒரு தகடு. ஓடுகிறவரின் தசை விடுகிற 'சர்க்கரையை எடு' என்ற கட்டளையை அது அப்படியே பிடித்து, எங்கோ உட்கார்ந்திருப்பவரின் தகட்டுக்கு அனுப்பிவிடும். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்காகச் செய்தது, பத்தே வருஷத்தில் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் நோயின் வாசலில் நிற்கும் 'எல்லைக்காரர்கள்'. அதற்காக இனிப்பில்லாமல் பந்தி போட எந்த வீட்டுக்கு மனசு வரும்?

"சர்க்கரை முகாமுல என்னக்கா சொன்னாங்க?" மணி ஓய்ந்ததும் ஜெபராணி கேட்டாள்.

"மூணு மாச சர்க்கரை ஆறு புள்ளி நாலு."

ஜெபராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறரை ஆனால் நோயாளி. நோயாளியின் தகடு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் யாரும் ஓட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். தமயந்திக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

"டாக்டரம்மா என்ன வழி சொன்னாங்க?"

"சாப்பிட்டதும் ஒரு நிமிஷம் வேகமா படி ஏறணுமாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு தமயந்திக்கு இருமலாகி நின்றது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறுகிறாள். ஒன்றுகூட அவள் ரத்தத்துக்குப் போனதில்லை. வீட்டு மாடியில் துணி காயப்போட ஏறினாலும் அதுவும் அவளை அமர்த்தியிருக்கும் சிதம்பரநாதனுக்குத்தான் போகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம்.

"பாலம் ரெண்டு பக்கமும் திறக்கும்ல? அவரு ஓடினா உனக்கு வரும். மூணு வேளை, மூணு நிமிஷம். கேளேன்க்கா. நல்ல மனுசன்தானே?"

"நல்ல மனுசன்தான். தீபாவளிச் சேலை ஒரு வருஷம் தவறினதில்ல. அதான்டி கேக்கப் பயமா இருக்கு."

அவள் சிதம்பரநாதனைப் பார்த்ததே இல்லை. ஆனால் நாலரை மணிக்கு அவர் பால்கோவா தின்பதும், மருமகள் ஊருக்குப் போன நாட்களில் ரகசியமாய் அல்வா வாங்குவதும் ஏழு வருஷமாய் அவள் கால்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் மேலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா சிதம்பரநாதன் கூப்பிடுகிறாராம்.

"வாம்மா, வா!" பந்தியின் நடுவில் உட்கார்ந்திருந்த சிதம்பரநாதன் கையை விரித்தார். "எல்லாரும் பாத்துக்குங்க, இவங்கதான் என் காலு!"

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்து இலை போட்டார்கள். ஓடுகிறவர்களைப் பந்தியில் உட்கார வைத்த முதல் வீடு இதுதான் என்று யாரோ பெருமையாய்ச் சொன்னார். இலையில் முதலில் ஜாங்கிரி விழுந்தது.

"ஐயா, எனக்கு இனிப்பு வேண்டாம்ங்க..."

"உனக்கென்னம்மா? நாள் பூரா ஓடுற உடம்பு. சர்க்கரையாவது ஒண்ணாவது! கல்யாண வீட்டுல வேண்டாம்னு சொல்லலாமா? சாப்பிடு." அவரே இன்னொன்றை எடுத்து வைத்தார்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தின்றாள். அவளுக்காக எந்தக் காதிலும் மணி அடிக்கவில்லை.

"எழுபத்தொண்ணு வயசு எனக்கு. அஞ்சு புள்ளி ரெண்டு! டாக்டரே அசந்துட்டான்" என்றார் அவர். பிறகு மணமக்களை ஆசீர்வதிக்க எழுந்தார். எழுந்தார் என்பதைவிட, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வேட்டி விலகிய இடத்தில் கெண்டைக்கால் தெரிந்தது. தமயந்தியின் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. அவள் ஓடியதில் சர்க்கரைதான் கரைந்திருந்தது. அவர் காலுக்கு வலு வரவே இல்லை.

அந்த நிலையிலும் யாரோ ஒரு பாயசக் கிண்ணத்தை அவர் வாயருகே நீட்ட, ஒரே மடக்கில் குடித்தார்.

தமயந்தியின் காதுக்குள் மணி அடித்தது. இலைக்குக் கீழே தொடை துடித்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, போகலையா? மணி அடிச்சிருக்குமே?" அவர் அன்பாகத்தான் கேட்டார்.

அவள் அவர் கால்களைப் பார்த்தாள். கல்யாண மேடையைப் பார்த்தாள்.

"எனக்கும் எல்லை வந்துருச்சுங்க ஐயா. மேடைக்கு மூணு படிதான் இருக்கு. எனக்காக ஒரே ஒரு நிமிஷம், ஏறி இறங்குவீங்களா?"