எழுந்து நில்லாத விருந்தினர்

கோதாவரியின் அகன்ற நீர்ப்பரப்பில் மாலைச் செவ்வொளி கரைந்து, கீழ்வானில் முழுநிலா மெல்ல எழுந்து, நீலாத்ரிக் கோட்டையின் கருங்கல் மதில்களை வெண்மையாக்கிக் கொண்டிருந்த வேளையில், கோட்டை முற்றத்துப் பாட்டரங்கில் முத்து வணிகர் ஒருவர் அமர்ந்திருந்தார். வணிகராவது, முத்தாவது! அன்பார்ந்த வாசகர்களிடம் நமக்கு ஒளிவு மறைவு எதற்கு? அவர் தமிழ்ப் படையின் தளபதி கொற்றன் வேளார். நீர்வாயிலில் காவல் இல்லையென்றால், பாட்டு முடிந்ததும் அவர் ஓர் அகல்விளக்கை ஆற்றில் மிதக்கவிட வேண்டும். அதைக் கண்டதும் கீழ்த்துறையில் பதுங்கியிருக்கும் படகுகள் பாய்ந்து வரும். காவல் இல்லை என்பதை அவர் வரும்போதே பார்த்துவிட்டார்.

தெலுங்கு நன்கறிந்த வேளார், பாணர் பாடத் தொடங்கியதும் திடுக்கிட்டார். பாட்டின் நாயகன் அவரேதான்.

அவருடைய நாட்டிலும் அவரைப் பற்றிப் பாட்டு உண்டு. அதில் அவர் இந்த நகரைக் கொளுத்துவார். பேய்கள் அந்தத் தணலில் கூழ் காய்ச்சிக் குடித்து அவரை வாழ்த்தும். மன்னர் அதற்குப் பொற்பூ பரிசளித்தார். அதைக் கேட்ட இரவுகளில் வேளார் உறங்கியதில்லை. இந்தப் பாட்டிலோ தீ இருந்தது, பேய்கள் இல்லை. எரியும் வீட்டுக்குள் புகுந்து பகைநாட்டுச் சிறுமியைத் தோளில் சுமந்து வந்து, தன் குதிரையில் ஏற்றி அனுப்பிவிட்டு, நடந்தே பாசறை திரும்பிய இளம் வீரன் ஒருவன் இருந்தான். வேளார் யாரிடமும் சொல்லாத செய்தி அது.

அவ்விடத்தில் சபை முழுவதும் எழுந்து நின்றது. அரசி மைலமா தேவியும் எழுந்தாள். அவர் மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. விளக்கோடு அவர் படித்துறைக்கு வந்தபோது தேவி அங்கே தனியே நின்றிருந்தாள்.

"எல்லோரும் எழுந்தோம். செட்டியார் எழவில்லையே?"

"கால் வலி, தேவி."

"தங்கள் நாட்டில் புலவர் பாடினால் அவை எழுந்து நிற்குமாம், பாடப்படுகிறவர் மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருப்பாராம். என் தூதர் சொல்லியிருக்கிறார். பழக்கம் தங்களை விடவில்லை, வேளாரே."

அவர் கை உடைவாளைத் தேடியது. வணிகர் இடையில் வாள் ஏது?

"காவலரை அழைக்க மாட்டேன். அன்று புகையில் தங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பத்தாண்டுகளாகப் பாட்டில்தான் பார்த்து வருகிறேன்."

அந்தச் சிறுமி இவளா! வேளார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது என்ன விளக்கு?"

மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "இது மிதந்தால் இன்றே கோட்டை விழும், தேவி. மிதக்காவிட்டால் படகுகள் திரும்பிவிடும். நாளை முதல் என் நாட்டார் என்னைத் துரோகி என்று பாடுவார்கள்."

"இங்கே வேறு விதமாகப் பாடுவோம்" என்றாள் தேவி.

சபையோர் வேண்டியதால், அரங்கில் பாணர் சிறுமியைச் சுமந்து வரும் அந்த அடியை மறுபடியும் பாடினார். வேளார் மெல்ல எழுந்து நின்றார்.

"அந்தப் பாட்டில் வருகிறவனுக்காக நானும் எழுகிறேன். இனி அவனாகவே வாழ்ந்து மடிவேன். இது என் சபதம்" என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த திரியைக் கோதாவரி நீரில் அமிழ்த்தினார்.