துணிக்கு அடியில் தழும்பு

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆஷா வந்தாள். பல்லடம் சாலையில் இருக்கும் எங்கள் ஸ்கேன் சென்டரில் அப்போது கூட்டமே இல்லை. பக்கத்து நிட்டிங் கம்பெனியின் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஷா எங்கள் லைன் வீட்டு வரிசையில் குடியிருப்பவள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவள். எட்டு மாதம். கையில் நாத்தனாரின் இன்சூரன்ஸ் கார்டு.

அந்த யோசனையைக் கொடுத்தவளே நான்தான். முத்துப்பேச்சி, ஸ்கேன் அறையின் ஆயா. சொந்தக் கார்டு இல்லாதவர்கள் இன்னொருத்தி பெயரில் வந்து படுத்துக்கொள்வார்கள். டாக்டர் கண்ணில் பழைய தழும்பு படாமல் அடிவயிற்றில் துணியைப் போர்த்திவிடுவது என் பொறுப்பு. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், பாவி.

போன வருஷம் அதே வரிசையில் இருந்த வெள்ளையம்மாளுக்கும் அப்படித்தான் செய்தேன். அவளுக்கு இரண்டு சிசேரியன் ஆகியிருந்தது. கொண்டுவந்த கார்டிலோ சுகப்பிரசவம் என்று இருந்தது. "சொல்லிராதக்கா" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டு மூத்திரப்பை வரை போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பிரசவத்தில் அதைப் பிரித்தபோது ரத்தம் நிற்கவே இல்லை. குழந்தை பிழைத்தது. வெள்ளையம்மாளின் உடலைச் சுற்றிக் கொடுத்த துணியிலிருந்து லைன் வீட்டு வாசல் வரை ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது.

அறை விளக்கை அணைத்தேன். ஆஷாவின் வயிற்றில் ஜெல்லைத் தடவினேன். எப்போதும் சில்லென்று இருக்கும் ஜெல் அன்று சுட்டது. பச்சை ரத்த வாடை மூக்கில் ஏறியது.

டாக்டர் அனுப்ரியா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "ஏனுங்க, முன்ன ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?"

ஆஷா இல்லை என்றாள்.

என் இடது கையை ஏதோ பிடித்தது.

துணிக்கு அடியிலிருந்து வந்த கை அது. ஈரமாக இருந்தது. ஆஷாவின் இரண்டு கைகளும் அவள் தலைக்கு மேலே இருந்தன.

என் சுண்டுவிரல் பின்பக்கமாக வளைந்தது. மளுக்கென்று ஒடிந்தது.

கத்த வாய் திறக்கவில்லை. காதருகில் சூடான மூச்சு.

"சொல்லுக்கா."

சொன்னால் வேலை போய்விடும், ஆஷாவின் நாத்தனாரும் மாட்டிக்கொள்வாள். அந்த வலியிலும் இதைத்தான் யோசித்தேன். வெட்கங்கெட்ட புத்தி.

மோதிரவிரல் ஒடிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"சொல்லுக்கா."

தலைமுடியைப் பற்றி இழுத்து என் நெற்றியை மெஷின் விளிம்பில் மோதியது. ஒரு முறை. இன்னொரு முறை. அந்தச் சத்தம் டாக்டர் காதில் விழவே இல்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

நடுவிரலும் போன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "டாக்டர், இவளுக்கு ரெண்டு சிசேரியன் ஆயிருக்கு. கார்டு இவளோடது இல்ல." வலது கையால் துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

பிடி விட்டது.

டாக்டர் முதலில் என் கையைத்தான் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. ஒரு துணியை எடுத்து அதில் சுற்றிவிட்டு, தழும்பின் மேலேயே கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார். நஞ்சுக்கொடியில் கருப்புக் கருப்பாக ஓட்டைகள். கர்ப்பப்பைக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே தெரிய வேண்டிய கோடு அறுந்து கிடந்தது.

"கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போயிரு கண்ணு. ரத்தம் எடுத்து வெச்சுட்டுத்தான் கத்தியவே வெக்கோணும்," என்றார்.

ஆஷா பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், பதினோரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது பிள்ளை அழுகிற சத்தம் லைன் வீட்டில் என் அறைக்கே கேட்கிறது.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மெஷினில் இடித்து விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். விழுந்தால் மூன்று விரல் பின்பக்கமாக மடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இன்று மதியம் வேறொருத்தி வந்து படுத்திருக்கிறாள். நான் பார்த்தே இராத முகம். முந்தின இரண்டும் சுகப்பிரசவம்தான் என்று டாக்டரிடம் சொல்கிறாள். ஜெல் பாட்டிலை எடுத்தேன்.

சுடுகிறது.

என் ஆள்காட்டிவிரல் மெல்லப் பின்னால் வளைகிறது.